லிம்போபோவுக்கு ஒன்பது அம்புகள்

சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் லெபலாலே ஊருக்கு அப்பால் உள்ள ஒரு வேட்டைப் பண்ணையில் ஏழு நாட்கள் தங்கி, மரபு வில்லைக் கொண்டு வேட்டையாடிவிட்டு வந்தேன். அந்த ஏழு நாட்களுக்காகப் பத்து மாதங்கள் ஆயத்தமானேன். வேட்டையைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு அதிகம் இல்லை. அந்தப் பத்து மாதங்களைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது. மரபு வில் என்று நான் சொல்வது கப்பியும் குறிகாட்டியும் விசைக்கொக்கியும் இல்லாத வில்லை. விரல்களால் நாணை இழுத்து, கண்ணையும் பழக்கத்தையும் நம்பி விடும் வில் அது. அதில் நேரும் பிழையைத் திருத்த எந்தப் பொறியும் இல்லாததால், பிழைகளையெல்லாம் வீட்டிலேயே கண்டுபிடித்துவிட வேண்டியிருக்கிறது.

நான் வசிக்கும் மிச்சிகன் மாநிலத்தில் பதினோரு ஆண்டுகளாக இலையுதிர்காலந்தோறும் வில்லால் மான் வேட்டையாடி வருகிறேன். ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு இது எப்போதும் உறுத்தலான செய்தி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வளர்ந்த எவருக்கும் வேட்டை என்ற சொல்லோடு குற்றம் என்ற சொல்லும் சேர்ந்தேதான் ஒலிக்கும். அவர்கள் கேட்கும் கேள்விகளை நான் நியாயமானவையாகவே எடுத்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவின் நிலை வேறு. 1991ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம், முறையாக வேலியிட்ட நிலத்தில் வாழும் காட்டு விலங்குகளை அந்த நிலத்துக்காரரின் உடைமையாக ஏற்றுக்கொண்டது. அதையொட்டி மாட்டுப் பண்ணைகளாக இருந்த பல நிலங்கள் மான்களுக்கும் வரிக்குதிரைகளுக்கும் திரும்பின. வேட்டையாடப்படும் விலங்கின் இறைச்சி அங்கேயே பண்ணைச் சமையலறைக்கும் பணியாளர்களின் வீடுகளுக்கும் போகிறது. இதெல்லாம் எனக்கு அனுமதியைத் தருகிறது, திறமையைத் தந்துவிடாது. ஓர் உயிரை எடுப்பதென்றால் அது சில நொடிகளில் முடிய வேண்டும் என்ற கடமையை எந்தச் சட்டமும் எனக்காகச் சுமக்கப் போவதில்லை. அம்புக்கும் அதன் முனைக்கும் நான் செலவிட்ட இரவுகள் அந்தக் கடமைக்காகத்தான்.

முதல் மூன்று மாதங்களை ஒரு தவறான எண்ணத்தில் கழித்தேன். ஆப்பிரிக்கா என்றதும் என் மனம் எடை கூடிய வில்லை, அதாவது இழுக்க அதிக விசை கேட்கும் வில்லைத் தேடியது. வில்லின் எடையைப் பவுண்டில் சொல்வது இந்த இழுவிசையைத்தான். 1925இல் அமெரிக்க வில்லாளர்கள் சாக்ஸ்டன் போப்பும் ஆர்தர் யங்கும் வில்லோடு டாங்கன்யிகாவுக்கு (இன்றைய தான்சானியா) போய்ச் சிங்கங்களை எதிர்கொண்டதையும், ஹோவர்ட் ஹில் நூறு பவுண்டைத் தாண்டிய நீள்வில்லால் யானையை வீழ்த்தியதையும் வில்லாளர்கள் கூடும் இடங்களிலெல்லாம் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். என்னுடையது மூன்று துண்டுகளாகக் கழற்றக்கூடிய 62 அங்குல ரீகர்வ் வில். நடுவில் கைப்பிடி, மேலும் கீழும் வளையும் இரண்டு லிம்புகள். 28 அங்குல இழுப்பில் 54 பவுண்டு காட்டும் லிம்புகளைக் கழற்றி வைத்துவிட்டு, 64 பவுண்டு லிம்புகளை வாங்கிப் பூட்டினேன்.

அவற்றை இழுக்க என்னால் முடிந்தது; இழுத்து நிறுத்தத்தான் முடியவில்லை. நாண் கன்னத்தைத் தொட்டதும் தோள் தளர்ந்து, விரல்கள் நான் சொல்வதற்கு முன்பே திறந்துகொண்டன. பத்து அம்புகளில் மூன்று இடப்புறம் ஓடின. பயிற்சி கூடக்கூடப் பழகிவிடும் என்று நம்பி டிசம்பர், ஜனவரி முழுவதும் வீட்டு நிலவறையில் போராடினேன். பிப்ரவரியில் வலத்தோளில் ஒரு வலி குடியேறிய பிறகுதான், இந்தப் பத்து பவுண்டு உண்மையில் எனக்கு எதைத் தருகிறது என்று அளந்து பார்க்கத் தோன்றியது.

நண்பரிடமிருந்து வேகமானியை இரவல் வாங்கி வந்து, ஒரே அம்பை இரண்டு ஜோடி லிம்புகளிலும் விட்டுப் பார்த்தேன். 668 கிரெய்ன், அதாவது சுமார் 43 கிராம் எடையுள்ள அந்த அம்பு, 54 பவுண்டு வில்லிலிருந்து நொடிக்கு 160 அடி வேகத்திலும் 64 பவுண்டு வில்லிலிருந்து 172 அடி வேகத்திலும் போனது. பன்னிரண்டு அடி! 15 மீட்டர் தூரத்தில் நிற்கும் விலங்கை அது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு முன்னதாகச் சென்றடையும், அவ்வளவுதான். அடுத்து, மிச்சிகனில் மான் வேட்டைக்கு நான் பயன்படுத்தும் 500 கிரெய்ன் அம்பை 54 பவுண்டு வில்லில் விட்டேன். 182 அடி காட்டியது. எடையை வேகத்தால் பெருக்கிப் பார்த்தால், மெதுவாகப் போகும் கனத்த அம்பின் உந்தம் வேகமாகப் போகும் இலகுவான அம்பினுடையதைவிட ஏறத்தாழ 17 விழுக்காடு அதிகம். எனக்குத் தேவையான எடை வில்லில் இல்லை, அம்பில் இருக்கிறது என்பது அன்று மாலை தாளில் எழுதிப் பார்த்தபோது தெளிவானது. 64 பவுண்டு லிம்புகளைக் கழற்றி உறையில் வைத்தேன். அவற்றை அதன்பின் பூட்டவே இல்லை.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் எட் ஆஷ்பி என்ற வில் வேட்டைக்காரர், விலங்குகளின் உடல்களில் நூற்றுக்கணக்கான அம்புகளைப் பாய்ச்சி, எது எவ்வளவு ஆழம் ஊடுருவுகிறது, எது எங்கே முறிகிறது என்று பொறுமையாகக் குறித்துவைத்தார். அம்பு முறியாமல் வளையாமல் இருப்பதை அவர் தம் பட்டியலில் முதலில் வைத்தார். அம்பு நேராகப் பறப்பதை அடுத்து வைத்தார். எலும்பை ஊடுருவ அம்பு சுமார் 650 கிரெய்னைத் தாண்ட வேண்டும் என்ற கணக்கும் அவர் சொன்னதுதான். வில்லின் வலுவைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் எத்தனை விஷயங்களைப் பேசினார் என்பதைத்தான் நான் மூன்று மாதம் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

தண்டுக்கு ஹிக்கரி மரத்தைத் தேர்ந்தெடுத்தேன். கார்பன் தண்டு வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையாது என்பதை அறிவேன். ஆனாலும் என் கையால் நிமிர்த்திய மரத்தண்டில்தான் என் கை நம்பிக்கை வைக்கிறது. ஹிக்கரி கனமானது, எளிதில் முறியாதது. ஆனால் வளைந்த நினைவை விடாதது. இருபத்து நான்கு தண்டுகளை வரவழைத்து, ஒவ்வொன்றையும் மேசைமேல் உருட்டி, விளிம்பில் கண்வைத்துப் பார்த்து, அடுப்பின் இளஞ்சூட்டில் காட்டி உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி நிமிர்த்தினேன். அடுத்தது விறைப்பு. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் தண்டை வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் தொய்கிறது என்று பார்ப்பார்கள். 26ஐ அந்தத் தொய்வால் வகுத்தால் வருவதுதான் தண்டின் ஸ்பைன் என்னும் விறைப்பெண். என் வில்லுக்கு 60 முதல் 65 வரை போதும் என்று நினைத்திருந்தேன். 200 கிரெய்ன் முனையைப் பொருத்தி, இறகு ஒட்டாத தண்டை விட்டபோது, இறகுள்ள அம்புகளுக்கு ஒரு சாண் வலப்புறம் போய்க் குத்தியது. வலக்கைக்காரருக்கு அதன் பொருள் தண்டு தொய்வாக இருக்கிறது என்பது. முனையில் எடை கூடக்கூடத் தண்டு நாணின் தள்ளலில் இன்னும் அதிகமாக வளைகிறது. 70க்கும் 75க்கும் இடைப்பட்டவற்றை எடுத்ததும் இரண்டும் ஒரே இடத்தில் குத்தத் தொடங்கின. எடை, விறைப்பு, நேர்த்தன்மை மூன்றிலும் தேறிய தண்டுகள் ஒன்பது.

அந்த ஒன்பதுக்கும் இறகு ஒட்டி, வண்ணம் பூசி, எண்ணிட்டு வைத்த பிறகு ஒரு பெரிய தவறைக் கண்டேன். என்னிடம் இருந்தவை வான்கோழியின் இடச்சிறகு இறகுகள்; அவை அம்பைப் பின்னாலிருந்து பார்க்கும்போது இடப்புறமாகச் சுழற்றும். நான் வாங்கியிருந்த முனைகளோ ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டப்பட்டவை, அதுவும் வலச்சாய்வு. இத்தகைய முனை உடலுக்குள் நுழைந்ததும் வலப்புறமாகத் திரும்ப முயலும். எலும்பில் பட்டால் அந்தத் திருகலே எலும்பைப் பிளக்கும். இறகு ஒரு பக்கமும் முனை மறுபக்கமும் சுழற்ற, பட்ட இடத்தில் சுழற்சி நின்று, ஒன்றின் வேலையை மற்றொன்று அழித்துவிடும். ஒன்பது அம்புகளின் இருபத்தேழு இறகுகளையும் கத்தியால் சீவி எடுத்து, பசையைச் சுரண்டி, வலச்சிறகு இறகுகளை வரவழைத்து மீண்டும் ஒட்டினேன். இரண்டு வாரம் போயிற்று. யாரையும் குறை சொல்வதற்கில்லை. பெட்டியின்மேல் எழுதியிருந்ததை நான்தான் படிக்கவில்லை.

முனையைத் தீட்டுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே இந்த இரண்டு அங்குல எஃகைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத்தான். புதிதாக வரும் முனை கூராக இருப்பதுபோலத் தோன்றும். அதை நம்பக் கூடாது. முதலில் அரம். 25 பாகைச் சாய்வு மாறாமல் இருக்க முனையை ஒரு சிறிய பிடியில் இறுக்கி, அரத்தின்மேல் முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும். பத்துப் பதினைந்து தள்ளலுக்குப் பிறகு தட்டையான மறுபக்கத்தில் விரலை வைத்து வருடினால், விளிம்பு முழுவதும் ஒரு மெல்லிய பிசிறு தட்டுப்படும். பிசிறு எழாத இடத்தில் விளிம்பு இன்னும் பிறக்கவில்லை என்று பொருள். பிறகு சாணைக்கல், முதலில் சொரசொரப்பானது, அடுத்து மழமழப்பானது. ஒவ்வொரு கல்லிலும் பிசிறு சிறுத்துக்கொண்டே வரும். கடைசியில் தோல்வாரில் பின்னோக்கி இழுக்க இழுக்க, இற்றுப்போன நூல் போலப் பிசிறு உதிர்ந்துவிடும். விளக்கொளியில் விளிம்பை நிமிர்த்திப் பார்த்தால் எங்கேயும் மினுக்கம் தெரியக் கூடாது. மினுங்கும் புள்ளி மழுங்கிய புள்ளி.

கூர்மையைச் சோதிக்கப் பலரும் முன்கை மயிரைச் சிரைத்துக் காட்டுவார்கள். எனக்கு ரப்பர் பேண்டுதான் சோதனை. பலகையில் இரண்டு ஆணிகளை அடித்து, இடையே ஒரு ரப்பர் பேண்டைத் தொய்வாக மாட்டி, முனையை அதன்மேல் மெல்லச் சாய்ப்பேன். ரத்தக் குழாய் வழுக்கிக்கொண்டு விலகிப் போகும் பொருள். மழுங்கிய விளிம்பு அதை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போய்விடும், அல்லது கிழித்துவிட்டுப் போகும், கிழிந்த குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ரப்பர் பேண்டும் அப்படித்தான் முனைக்கு முன்னால் நீண்டு விலகும். தொட்ட மாத்திரத்தில் அறுந்தால் முனை தயார். முதல் முறை ஒன்பதில் இரண்டு முனைகள்தாம் தேறின. ஜூன் மாத இறுதியில் ஒன்பதும் தேறின.

இதற்கிடையே ஓசையைக் குறைக்கும் வேலையும் நடந்தது. இம்பாலா என்ற சிறுமான், நாண் அதிரும் ஓசை கேட்ட நொடியில் பாய்வதற்காகக் கால்களை மடக்கித் தாழும். முதுகு அம்பின் பாதையைவிட்டுக் கீழே போய்விடும். 15 மீட்டரில் ஓசை 0.04 நொடியில் அதன் காதுக்குப் போகிறது, என் அம்புக்கோ 0.31 நொடி ஆகிறது. இந்த இடைவெளியை எந்த மரபு வில்லாலும் மூட முடியாது. ஆகவே ஓசையையே மங்கச் செய்ய வேண்டும். நாணில் மேலும் கீழும் கம்பளி நூல் குஞ்சங்களைக் கட்டினேன். லிம்பும் நாணும் உரசும் இடத்தில் மெல்லிய தோல் ஒட்டினேன். வில்லில் பூட்டும் தூணியைக் கழற்றிவிட்டு அம்புகளைத் தரையில் சாத்திவைக்கப் பழகினேன். நாணைச் சில முறுக்குகள் கூட்டியும் குறைத்தும், கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையிலான இடைவெளி ஏழே முக்கால் அங்குலத்தில் நின்றபோது வில் பேசுவதை நிறுத்தியது. கனத்த அம்பு இங்கேயும் உதவியது. வில்லின் விசையை அது அதிகமாக உறிஞ்சிக்கொண்டு போவதால் வில்லில் அதிர மிச்சம் குறைவு. நாண்கள் இரண்டு, இரண்டிலும் தலா இருநூறு அம்புகள் விட்டு நீட்சி நின்ற பிறகுதான் தேன்மெழுகு பூசிச் சுருட்டினேன். புது நாணை மாற்று நாணாக எடுத்துப் போவது நாணே எடுத்துப் போகாததற்குச் சமம்.

அந்த மண்ணின் சொந்த வில்லாளர்கள் வேறு வழிகளில் இதைத் தீர்த்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கலஹாரியின் சான் மக்கள், கையடக்கமான வலுக்குறைந்த வில்லால், ஒருவகை வண்டின் புழுவிலிருந்து எடுத்த நஞ்சு பூசிய இலேசான அம்பை விட்டு, பிறகு மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் தடம் பார்த்துப் பின்தொடர்கிறார்கள். அவர்களுடைய ஆயத்தம் தடம் படிக்கும் அறிவில் இருக்கிறது. எனக்கு அந்த அறிவு இல்லை. முதல் அம்பே முடிவாக இருந்தாக வேண்டும்.

விலங்கின் உடலைப் புதிதாகக் கற்பது எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. மிச்சிகன் மானுக்கு முன்தோளின் பின்னால் சற்றே தள்ளிக் குறிவைத்தே பதினோரு ஆண்டுகள் கண் பழகியிருந்தது. ஆப்பிரிக்க மான்களுக்கு இதயமும் நுரையீரலும் அதைவிட முன்னும் கீழுமாக, முன்காலுக்கு நேர் மேலே இருக்கின்றன. பழைய இடத்தில் அம்பு பட்டால் விலங்கு காயத்தோடு மைல்கணக்கில் ஓடும். முன்காலின் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போய், உடலின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நின்றுகொள் என்று வழிகாட்டி மின்னஞ்சலில் எழுதியிருந்தார். என் மகள் பெரிய அட்டைகளில் இம்பாலா, குடு என்ற பெரிய மான், வார்த்தாக் பன்றி மூன்றையும் உண்மை அளவில் வரைந்து கொடுத்தாள். நான் குறிப்புள்ளி ஒன்று வைக்கச் சொன்னபோது, “நிஜ மானுக்குப் புள்ளி இருக்குமா அப்பா?” என்று கேட்டாள். புள்ளி வைக்கவில்லை. என் கண் பழைய இடத்துக்கு நழுவுவது நிற்க ஆறு வாரம் ஆனது.

நீர்க்குட்டையருகே தரையைத் தோண்டிப் புல்லால் கூரை வேய்ந்த மறைவிடத்தில் அமர்ந்துதான் வேட்டை. உள்ளே இருட்டு, ஆகவே உடையும் கறுப்பு. சன்னலின் அகலத்தையும் கூரையின் உயரத்தையும் அளந்து அனுப்பும்படி கேட்டு வாங்கி, வண்டிக் கொட்டகையில் அதே அளவில் அட்டையால் ஒரு மறைவிடம் கட்டினேன். முதல் அம்பிலேயே மேல் லிம்பு கூரையைத் தட்டியது; அம்பு இலக்குப் பலகையையே தொடவில்லை. தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, இடுப்பை மடக்கி, வில்லை வலப்புறம் நன்றாகச் சாய்த்து இழுக்கப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. நின்றுகொண்டு விடும் அம்பும் அமர்ந்து விடும் அம்பும் ஒரே ஆளுடையவை என்று சொல்ல முடியாத அளவுக்கு வேறுபட்டன.

ஜூலை முதல் தேதியிலிருந்து பல பயிற்சிகளைக் குறைத்து, ஒவ்வொரு விடியலிலும் ஒரே ஓர் அம்பு விட்டேன். உடம்பு சூடாகாமல், கையைப் பழக்காமல், எழுந்தவுடன் முக்காலியில் அமர்ந்து ஒன்று. பிறகு வில்லை இறக்கிவிடுவேன். வேட்டையில் கிடைப்பது அந்த ஒன்றுதான். அறுபது காலைகளில் ஐம்பத்து மூன்று அம்புகள் சிறு சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் விழுந்தன. தவறிய ஏழில் ஆறு, 16 மீட்டருக்கு மேல் விட்டவை. என் எல்லை 16 மீட்டர் என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். ஆற்றல்மிக்க நீலக் காட்டுமாட்டை, வில்டபீஸ்ட் என்பார்களே அதை, இந்த வில்லால் முயல்வதில்லை என்பதையும் அப்போதே முடிவு செய்தேன். பண்ணையில் ஐந்தாம் நாள், திருகிய கொம்புகளோடு ஒரு பெரிய குடு 23 மீட்டரில் அரைமணி நேரம் நின்று நீரருந்தியது. வில்லைத் தொடவில்லை.

பயணத்துக்குப் பொருள்களை இரண்டு பெட்டிகளாகப் பிரித்தேன். வில் என்பது துப்பாக்கி அல்ல என்பதால் தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் துப்பாக்கி அனுமதிப் படிவம் தேவைப்படவில்லை. கைப்பிடியும் 54 பவுண்டு லிம்புகளும் ஒரு நாணும் ஐந்து அம்புகளும் ஒரு பெட்டியில்; இரவல் கைப்பிடியும் அதற்கேற்ற லிம்புகளும் மற்ற நாணும் நான்கு அம்புகளும் இன்னொன்றில். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு அரம், தோல்வார், முனை ஒட்டும் பசைக்குச்சி. முனைகளை அம்பிலிருந்து கழற்றித் தடித்த அட்டைக்குள் செருகினேன். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கியபோது இரண்டாவது பெட்டி வரவில்லை. முந்தைய நிலையத்தில் தங்கிவிட்டதாம். வந்துசேர இரண்டு நாளாயிற்று. அதற்காக வேட்டையில் ஒரு மணி நேரமும் இழக்கவில்லை.

ஈரமான மிச்சிகன் கோடையில் நிமிர்த்திய ஹிக்கரி, மாதக்கணக்கில் மழை காணாத லிம்போபோவின் காற்றில் உலர்ந்து, ஐந்தில் இரண்டு மெல்ல வளைந்திருந்தன. முற்றத்து நெருப்பருகே அவற்றைச் சூடுகாட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, பண்ணையின் தடம் பார்ப்பவர், அறுபது வயதைக் கடந்தவர், அருகில் வந்து குந்தினார். ஓர் அம்பை வாங்கி விளிம்பில் கண்வைத்துப் பார்த்தார். நான் கவனிக்காத ஒரு வளைவை, இறகுக்கு நான்கு விரல் முன்னால், நகத்தால் தொட்டுக் காட்டினார்.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு இம்பாலாக் கூட்டம் வந்தது. ஒரு மணி நேரம் வில்லைத் தொடையில் வைத்தபடியே இருந்தேன். கிடா ஒன்று 14 மீட்டரில் பக்கவாட்டில் நின்று, தலையைத் தாழ்த்தி நீரருந்தத் தொடங்கியபோது, முன்காலின் கோட்டைப் பிடித்து மேலே ஏறினேன். இழுத்ததும் விட்டதும் நினைவில் இல்லை. அது தாழத்தான் செய்தது; நான் அதை எதிர்பார்த்து ஒரு விரற்கடை கீழே வைத்திருந்தேன். கூட்டம் புழுதியாகக் கலைந்தது. ஐம்பது மீட்டருக்குள், முட்புதர் ஒன்றின் நிழலில், அது விழுந்த ஓசை கேட்டது. தடம் பார்ப்பவர் அதன் அருகே சிறிது நேரம் மண்டியிட்டு இருந்தார். நானும் இருந்தேன்.

அம்பு உடலை ஊடுருவி அப்பால் சேற்றில் பாய்ந்து கல்லில் மோதி நின்றிருந்தது. தண்டு முறியவில்லை. அன்றிரவு அதைக் கழுவித் துடைத்து விளக்கருகே பிடித்தபோது, விளிம்பில் எள்ளளவு ஒரு மினுக்கம் தெரிந்தது. அரத்தை எடுத்தேன். தள்ளல்களை எண்ணிக்கொண்டே வந்து, பிசிறு எழுந்ததும் கல்லுக்கு மாறி, கல்லிலிருந்து தோல்வாருக்கு மாறினேன். எதிரே அமர்ந்திருந்த தடம் பார்ப்பவர் என் பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்துத் தம் இரு கட்டைவிரல்களுக்கு இடையே தொய்வாக மாட்டி நீட்டினார். முனையை அதன்மேல் சாய்த்தேன். அறுந்தது. அம்பை மற்ற நான்கோடு சேர்த்துச் சுவரோரம் சாத்தினேன்.